ஐசுக்கட்டி பாக்கப் போற கண்ணுக்கு

முதுகுல ஒரு பையை மாட்டிக்கிட்டு, செலவே இல்லாம நியூசிலாந்தைச் சுத்தப் போறேன்னு சொன்னியாமே கண்ணு. சந்தோசம். அந்தப் பை இருபத்தெட்டாயிரமாம், மழைக்கோட்டு பதினாறாயிரமாம், துவைச்சா உடனே காயற ஜட்டி ரெண்டாயிரமாம். உங்கம்மா கணக்குச் சொன்னா. சிக்கனம்னா இப்படியில்ல இருக்கோணும்! ஏழையாட்டம் ஊரைச் சுத்தறதுக்கு இத்தனை முதல் போடோணும்னு எங்க காலத்துல ஆருக்கும் தெரியாமப் போச்சு. நாங்க ஒத்தைப் பைசா செலவில்லாமயே ஏழையா இருந்து காலத்தைக் கழிச்சுப்போட்டோம்.

நீ படிச்சவன். இந்தக் கெழவன் சொல்லித்தான் தெரியோணும்னு ஒண்ணுமில்லை. எங்கம்முணி கிறைஸ்ட்சர்ச்சுல குடியிருக்கறதால, பேத்தி பொறந்த சாக்குல போயி, தென்தீவுல நாலு எடம் பாத்துட்டு வந்தவன் நான். பாத்ததுல முக்காவாசி டிக்கெட்டே இல்லாத எடம். மாமனார் பொறுக்கி எடுத்த எடமெல்லாம் அப்படித்தான் இருக்கும்னு மாப்பிள்ளை இன்னமும் சொல்லிச் சிரிக்கறார். சிரிக்கட்டும். பெட்ரோலு அவரோடதுதானே.

முதல்ல ஒண்ணைக் காதுல போட்டுக்கோ. அந்த நாட்டுல மலை, ஏரி, கடல் எல்லாம் சும்மாதான் கெடக்குது. காசு வாங்கறவன் பூராப் பேரும் உன்ற அவசரத்துக்குத்தான் வாங்கறான். "மேகம் மறைச்சாலும் இன்னிக்கே பாத்தாகோணும்"னு நின்னா ஹெலிகாப்டர்காரன் வருவான். "நாளைக்கு வெளுத்தாப் பாத்துக்கலாம்"னு உக்காந்துக்கிட்டா ஒருத்தனும் வரமாட்டான். நீ என்னடான்னா ஒன்பது நாள்ல ரெண்டு தீவையும் முடிச்சுப்போடறேன்னு அட்டவணை போட்டிருக்கறே. காலையில ஏரி, மத்தியானம் பனியாறு, சாயங்காலம் கடற்கரை. சபாஷ். கலெக்டரு ஆய்வுக்குப் போனாக்கூட நடுவுல ஒரு டீ குடிப்பாரு.

அங்கத்த ஒரு டாலர் நம்ம காசுக்கு ஐம்பது ரூபா பக்கம் வரும். ஒரு காப்பி அஞ்சாறு டாலர். அதைக் குடிக்கறப்ப மனசுக்குள்ள பெருக்கிப் பாக்காதே, நாக்குக்கு ருசி தெரியாது. விசாவுக்கு எழுதிப் போடறப்பவே வெளிநாட்டுக்காரனுக்குன்னு தலைக்கு 100 டாலர் வரி வேற. முந்தி 35ஆ இருந்ததை 2024 அக்டோபர்ல ஏத்திப்போட்டாங்க. காட்டைப் பாத்துக்கறதுக்கும், வர்றவிய சௌரியத்துக்குமாம். நல்லதுதான். ஆனா நான் என்ன சொல்றேன்னா, பாதைக்கும் கக்கூசுக்கும் சேத்து முன்னாலயே கட்டியாச்சு. கட்டினவன் அந்தப் பாதையில நடக்காம, மறுபடியும் காசு வாங்கற எடமாத் தேடிப் போனா அவனை என்னன்னு சொல்றது? டூரிஸ்டுன்னு சொல்லுவாங்க.

சித்திரையில லீவு, வெயில்காலம், அப்பப் போறேன்னியாம். போ சாமி. இங்க வெயில்னா அங்க எலை உதிரும். வைகாசி ஆனியில குளுரு எலும்பைத் தொடும். அவியளுக்கு மார்கழி, தைதான் கோடை. ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சமிருக்கும், வெயிலு தோலை உரிக்கும், ரூம் வாடகை அதைவிட உரிக்கும். மாசிக் கடைசியில போனா கூட்டமும் குறையும், வானமும் ஓரளவுக்குச் சொன்ன பேச்சு கேக்கும்.

வண்டி விசயத்துக்கு வருவோம். பஸ்ஸு இருக்குது. மணிக்கணக்குல பாஸ் விக்கறாங்க. இருபது மணி நேரம், முப்பது மணி நேரம்னு வாங்கி, ஏறி எறங்கற நேரத்தைக் கழிச்சுக்கலாம். அதைவிட ஒரு சூட்சுமம் உண்டு. கிறைஸ்ட்சர்ச்சுலயும் குயின்ஸ்டவுன்லயும் ஊர் சுத்தி முடிச்ச கூட்டம் வாடகை வண்டிகளை அங்கயே விட்டுட்டு விமானம் ஏறிரும். அந்த வண்டிக வடக்க ஆக்லாந்துக்குத் திரும்பிப் போகோணும். ஓட்டிட்டுப் போக ஆள் தேடுவாங்க. நாளைக்கு ஒரு டாலருக்குக் குடுப்பான், ரெண்டு தீவுக்கு நடுவுல கப்பல்ல ஏத்தற காசையும் சேத்துக் குடுக்கறவன் உண்டு. ஆனா இத்தனை நாளைக்குள்ள கொண்டுபோய்ச் சேத்துரோணும்னு கெடு வெப்பான். பாத்தியா, காசு கொறைஞ்சா நாளைப் புடுங்கிக்கறான். எல்லாரும் பாத்துட்டே போறது தெக்க நோக்கி. நீ வடக்க நோக்கி வந்தா சல்லிசு.

மேற்குக் கரையில நெறையப் பாலம் ஒத்தை வண்டி போற பாலம். எந்தப் பக்கத்து அம்புக்குறி பெருசோ அவன் முதல்ல போவான். சின்ன செவப்பு அம்பு பக்கம் நிக்கறவன் காத்திருக்கோணும். நம்ம ஊரு வழக்கப்படி லைட்டைப் போட்டுக் காமிச்சுட்டு உள்ள நுழைஞ்சியானா, எதுக்க வர்றவன் திட்டமாட்டான், வண்டியை நிறுத்திப்போட்டுப் பாப்பான். அது திட்டறதைவிட மோசம்.

தூங்கறதுக்கு ஆகாசமே கூரைன்னு பேசினியாமே. வண்டியை ஏரிக்கரையில ஓரங்கட்டிப் படுத்துக்கலாம்னு. முந்தி நடந்துச்சு. வர்றவிய புதருக்குப் பின்னால பண்ணிவெச்ச வேலையைப் பாத்து ஊர்க்காரங்களுக்கு வெறுத்துப்போச்சு. 2023ல சட்டமே கொண்டாந்துட்டாங்க. வண்டிக்குள்ளயே ஆணியடிச்சு வெச்ச கக்கூசு இருந்து, பச்சைச் சீட்டு ஒட்டியிருந்தாத்தான் அந்த மாதிரி எடத்துல தங்கலாம். இல்லாட்டி அபராதம் 400 டாலர்ல ஆரம்பிக்கும். அந்தக் காசுக்கு நல்ல ஓட்டல்ல மெத்தையில படுத்து, காலைச் சோறும் உண்டுட்டு வரலாம். வனத்துறை போட்டு வெச்ச முகாம் நூத்துக்கணக்குல இருக்குது. சிலது சும்மா, சிலது கொஞ்சக் காசு. மலைக்குள்ள நடந்து போனா அவியளோட குடிசைக தொள்ளாயிரத்துக்கு மேல. ஆறு மாசத்துக்கோ வருசத்துக்கோ ஒரு பாஸ் வாங்கிட்டா, பேர் பெத்த நடைபாதைகளைத் தவிர்த்து, பெரும்பாலான குடிசையில படுத்துக்கலாம். பெரும்பாலும் காவலுக்கு ஆள் இருக்கமாட்டான். ஆரு கேக்கப் போறான்னு காசு கட்டாமப் படுத்துட்டு வந்தா, கேக்க ஆளில்லைதான். ஒரு நோட்டு மட்டும் கெடக்கும். ஆரு வந்தோம், எங்க போறோம்னு எழுதோணும். அதுல மட்டும் கையெழுத்தைக் கிறுக்காதே. நீ காணாமப் போனா தேடி வர்றவன் அதைத்தான் முதல்ல பொரட்டுவான்.

சாப்பாட்டுக்கு மஞ்சப் பலகை போட்ட பாக்'ன்சேவ் கடையில சாமான் வாங்கி, ஹாஸ்டல் அடுப்புல ஆக்கிக்கோ. பெரும்பாலான ஹாஸ்டல்ல ஒரு அலமாரி இருக்கும். ஊருக்குப் போறவன் மிச்சத்தை அதுல வெச்சுட்டுப் போவான். அரிசி, உப்பு, எண்ணெய், பாதி பாக்கெட் பாஸ்தா. மாப்பிள்ளை அதைச் சொன்னப்ப எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. இப்படியொரு தேசத்துல பொறக்காமப் போயிட்டமேன்னு.

சரி, பனியாத்துக்கு வருவோம். அதுக்குத்தானே துடிக்கறே.

மேற்குக் கடல்ல இருந்து வர்ற காத்து, குறுக்க நிக்கற தெற்கு ஆல்ப்ஸ் மலையில முட்டி, இருக்கற ஈரத்தையெல்லாம் அங்கயே கொட்டிப்போடுது. மேல பனியா விழுந்தது வருசக்கணக்குல அமுங்கி ஐசாகி, கனம் தாங்காம கீழ நகருது. அதுதான் ஃபிரான்ஸ் ஜோசப், ஃபாக்ஸ் ரெண்டும். கடல்ல இருந்து இருபது கிலோமீட்டர் சுமாருக்கு, பச்சைக் காட்டுக்கு நடுவுல ஐசு எறங்கி நிக்கறதை நான் நம்பவே இல்லை, பாக்கறவரைக்கும். மாவோரிக்காரங்க கதை ஒண்ணு சொல்றாங்க. ஹினே ஹுகாதெரேன்னு ஒரு பொண்ணு, மலையேறதுல கெட்டிக்காரி. ஆசைப்பட்டவனைக் கூட்டிட்டுப் போனா. பனி சரிஞ்சு அவன் போயிட்டான். அவ அழுத கண்ணீருதான் அப்படியே ஒறைஞ்சு கெடக்குதாம். அப்புறம் 1865ல ஜூலியஸ் வான் ஹாஸ்ட்டுன்னு ஒரு ஜெர்மன்காரர் வந்தார். ஆஸ்திரிய ராசா பேரை வெச்சுட்டுப் போயிட்டார். ராசா அந்தப் பக்கம் தலைவெச்சும் படுத்ததில்லை. பட்டா மட்டும் அவர் பேர்ல.

அந்த ஐசு மேல கீழிருந்து நடந்தே ஏறுன காலம் ஒண்ணு இருந்துச்சு. ஐசு பின்வாங்கிப் பின்வாங்கி, ஃபிரான்ஸ் ஜோசப்ல 2012ல அதை நிறுத்திப்போட்டாங்க, அப்புறம் ஃபாக்ஸ்லயும். இப்ப ஏறோணும்னா ஹெலிகாப்டர்தான், தலைக்கு 500 டாலருக்கு மேல. 2019ல வந்த மழையும் மண்சரிவும் ஃபாக்ஸ் பள்ளத்தாக்கு ரோட்டையே முழுங்கிருச்சு. அதைத் திரும்பப் போடவே இல்லை. எட்ட நின்னு பாக்கறதுக்குக் காசில்லை. எட்ட நில்லு.

இதுல நான் கேலி பேசலை கண்ணு. 2009 ஜனவரியில, ஃபாக்ஸ்ல தடுப்புக் கயித்தைத் தாண்டிக் கிட்டக்கப் போன அண்ணந்தம்பி ரெண்டு பேரு மேல ஐசு இடிஞ்சு விழுந்துருச்சு. உன்ற வயசுப் பசங்க. அங்கத்த ஆறும் அப்படித்தான். காலையில மொழங்கால் தண்ணி, மேல ஒரு மழை பேஞ்சா மத்தியானம் ஆளை உருட்டும். அந்தக் காலத்துல குடியேறினவங்க ஆத்துல போயிச் செத்தது ஏராளம்; அதுக்கு நியூசிலாந்துச் சாவுன்னே பேரு வெச்சிருந்தாங்க. தண்ணி கலங்கி வந்துச்சுன்னா குடிசையில படுத்துத் தூங்கு. அட்டவணை கெட்டுப்போச்சுன்னு அழுவறியா? அழு. அழுவறதுக்கு ஆள் இருக்கோணுமே.

ஃபாக்ஸ் பக்கத்துலயே மேதசன்னு ஒரு ஏரி. காட்டு எலை தழையெல்லாம் ஊறி, தண்ணி காப்பிக் கலருல இருக்கும். அதனாலதான் காத்தில்லாத காலையில மலை தலைகீழா அப்படியே தெரியும். சுத்தி வர ஒண்ணரை மணி நேரம், டிக்கெட் இல்லை. அதுல தெரியற பெரிய மலை ஆவோராக்கி, இங்கிலீஷ்காரன் குக் மலைன்னான். ஒசரம் 3,724 மீட்டர். 1991 டிசம்பர்ல உச்சியில பாறை சரிஞ்சு பத்து மீட்டர் கொறைஞ்சுபோச்சு. அவசரப்பட்டுப் போயிரு, இன்னும் கொறையறதுக்குள்ள! மேகம் மூடிக்கிச்சுன்னா விசனப்படாதே. அஞ்சு டாலர் நோட்டை எடுத்துப் பாரு. ஹிலாரி படத்தோட அந்த மலையையும் அச்சடிச்சிருக்கறாங்க. எவரெஸ்ட் ஏறுறதுக்கு முந்தி ஹிலாரி பழகுனது அந்த மலையிலதான். பின்னால டெல்லியில அவிய நாட்டுத் தூதரா வந்து உக்காந்திருந்தார். பாத்து முடிச்சுட்டு அந்த நோட்டுல ஒரு காப்பி குடிக்கலாம்னு நினைக்காதே. பத்தாது.

மலைக்கு அந்தப் பக்கம் போனா ஏரிக ஒண்ணுக்கொண்ணு போட்டி போடும். புகாகி ஏரித் தண்ணி நீலமும் பாலும் கலந்த நெறம். சாயம் இல்லை. ஐசு நகர்றப்ப அடியில இருக்கற பாறையை மாவா அரைச்சுரும். அந்த மாவு கீழ படியாம தண்ணியிலயே மெதந்து வெளிச்சத்தைச் சிதறடிக்குது. அந்தப் பக்கத்துலயே நீல ஏரின்னு பலகை வெச்ச எடத்துக்குப் போனேன். பச்சைப்பசேல்னு கெடக்குது. முந்தி டாஸ்மன் பனியாத்துத் தண்ணி ஊறி வந்தப்ப நீலமா இருந்துச்சாம். ஐசு எறங்கிப்போயி, இப்ப மழைத்தண்ணி மட்டுந்தான் தேங்கி பாசி கட்டிருச்சு. பலகையை மாத்தலை. அங்கிருந்து படியேறினா டாஸ்மன் ஏரி தெரியும், ஐசுப் பாளம் மெதக்கும். 1970க்கு முந்தி அந்த ஏரியே இல்லை கண்ணு. எங்கண்ணாலத்தப்ப அங்க ஏரிக்குப் பதிலா ஐசு இருந்திருக்குது. படம் புடிக்கறவங்க எல்லாரும் எத்தனை அழகு, எத்தனை அழகுங்கறாங்க. எனக்குப் பேச்சு வரலை. ஓடிப்போன ஐசு விட்டுட்டுப் போன பள்ளத்தைத்தானே அழகுன்னு பாக்கறோம்.

நம்ம ஆட்டுப்பட்டிக் குடும்பத்துக்குப் பொருத்தமான எடம் டெகாபோ. அந்தச் சீமைக்கே மெக்கென்சி நாடுன்னு ஒரு ஆட்டுத் திருடன் பேரை வெச்சிருக்கறாங்க. 1855ல ஆயிரம் ஆட்டை ஓட்டிட்டுப் போறப்ப புடிபட்டவன். அவன் போன வழியிலதான் வெள்ளைக்காரங்களுக்கு அந்த மேச்சல் நெலமே தெரிஞ்சுது. ஜெயில்ல போட்டாங்க, தப்பிச்சான், புடிச்சாங்க, ஒரு வருசத்துக்குள்ள மன்னிச்சும் விட்டுட்டாங்க. ஏரிக்கரையில பட்டி நாய்க்குச் செலை வெச்சிருக்கறாங்க, பாக்கறதுக்குக் காசில்லை. ஆடு 1982ல ஏழு கோடி இருந்துச்சாம். இப்ப மூணுல ஒரு பங்குதான். மாடும் பாலும்னு மாறிட்டாங்க. இதையெல்லாம் நீ பாக்கமாட்டே. ஏரியோரத்துல ஊதாப்பூ பூத்துக் கெடக்கும், அதுல படுத்துப் படம் எடுப்பே. அது வனத்துறை ஒழிக்கப் பாக்கற களை.

அடுத்து வானகா. அங்க ஏரித் தண்ணிக்குள்ள ஒரு மரம் நிக்குது. உலகத்துல பாதிப் பேரு அதுக்கு முன்னால முக்காலி நட்டு விடியக்காலம் காத்துக் கெடக்கறாங்க. என்ன மரம்னு கேட்டேன். வேலிக்கு நட்ட வில்லோ கம்பு, துளுத்து மரமாயிருச்சாம். அட, நம்ம கொறங்காட்டுல கிளுவைக் குச்சி நட்டா மொத மழைக்கே துளுக்குது. அதையெல்லாம் மாடுதான் பாக்குது. 2020ல ஆரோ ராத்திரியோட ராத்திரியா அதோட கெளையை அறுத்துட்டுப் போயிட்டான். அதுக்கு நாடே துக்கம் காத்துச்சு. என்ன இருந்தாலும், ஒரு வேலிக்காலுக்கு அழற ஊரு நல்ல ஊருதான்.

குயின்ஸ்டவுன்ல உனக்கு நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்லை. கவராவ் பாலத்துல கால்ல கயித்தைக் கட்டித் தள்ளிவிடறாங்க, 1988லயே ஆரம்பிச்ச யாவாரம். 43 மீட்டர் விழறதுக்கு 200 டாலருக்கு மேல. விழறவன் மூஞ்சியைப் பாக்கறதுக்குக் காசில்லை. நான் சாயங்காலம் வரைக்கும் பாத்தேன்.

மில்ஃபோர்டுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே. படகு டிக்கெட் எடு. வருசத்துக்கு ஆறாயிரம் மில்லிமீட்டருக்கு மேல பெய்யற எடம். மழை வந்துருச்சேன்னு எல்லாரும் ஒதுங்குவாங்க, நீ போ. மழையப்பத்தான் செங்குத்துப் பாறையில நூறு நூறா அருவி எறங்கும். வெயில்ல போனவனுக்கு ரெண்டே ரெண்டு அருவிதான் நிச்சயம். கரையில எறங்கினதும் மணல் ஈ கடிக்கும். இந்த எடத்தைப் பாத்தவிய இங்கயே தங்கிருவாங்கன்னு பயந்து, மரண தேவி ஹினே-நுய்-தெ-போ அந்த ஈயை விட்டுட்டுப் போனாளாம். நல்ல ஏற்பாடு. நம்ம ஊட்டுக்கு வர்ற ஒறம்பரைக்கும் அப்படி ஒண்ணு இருந்தா உங்கம்மா எத்தனை சந்தோசப்படுவா. போற வழியில கேயான்னு ஒரு மலைக்கிளி, வண்டி ரப்பரைப் பிச்சுத் தின்னும். ஒரு டூரிஸ்டோட பாஸ்போர்ட்டையே தூக்கிட்டுப் பறந்துருச்சு ஒருவாட்டி. தீனி போடாதே, போட்டா அதுக்கும் கேடு, உன்ற பைக்கும் கேடு.

கடலோரம் நடக்கோணும்னா வடக்க ஏபெல் டாஸ்மன் பாதை, 60 கிலோமீட்டர், பொன்னு மாதிரி மணல். குடிசைக்கு முன்கூட்டியே பதிஞ்சுக்கோ. நடுவுல அவரோவாங்கற எடத்துல கழிமுகத்தைக் கடக்கோணும்; தண்ணி வத்தறதுக்கு ஒண்ணரை மணி நேரம் முந்தி இருந்து, வத்தி ரெண்டு மணி நேரம் வரைக்குந்தான் வழி. உன்ற அட்டவணையை அங்க கடலுக்கு வாசிச்சுக் காமி. அந்த ஊருக் கடற்கரை ஒண்ணு தனியார் கையில இருந்து விலைக்கு வந்தப்ப, 2016ல நாப்பதாயிரம் பேரு சுமாருக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, இருபது லட்சம் டாலருக்கு மேல சேத்து வாங்கி, பொதுவுல விட்டுட்டாங்க. அதுல நீ சும்மா உக்காரலாம். உக்கார்றப்ப செல்போனை எடுக்காம இருந்தியானா அவிய குடுத்த காசு செரிக்கும்.

ஒண்ணை மறந்தேபோனேன். உங்கம்மா பையில ஊறுகாயும் கருவேப்பிலையும் தேனும் திணிச்சு வெப்பா. தேனை மொதல்லயே எடுத்து வெளிய வெச்சுரு, விடமாட்டாங்க. மத்ததை ஒளிக்காம எழுதிக் குடு. எழுதிக் குடுத்தா வாங்கிப் பாப்பான், ஆகாட்டி எடுத்துக்குவான், அவ்வளவுதான். எழுதாம ஒரே ஒரு எலுமிச்சங்காய் மாட்டினாலும் அங்கயே 400 டாலர் அபராதம். கூடாரம், பூட்ஸ் எல்லாத்தையும் காட்டச் சொல்லுவாங்க. மண்ணு ஒட்டியிருந்தா வெளிநாட்டு வெதையும் கிருமியும் வந்துரும்னு பயம். நீ புதுசா வாங்கின பூட்ஸுல ஏது மண்ணு. என்ற பழைய செருப்புல நம்ம தொண்டுப்பட்டி மண்ணு அப்பியிருந்துச்சு. எழுதிக் குடுத்தேன். ஒரு வெள்ளைக்காரப் புள்ளை கையில உறையை மாட்டிக்கிட்டு உள்ள கொண்டுபோயி, பளபளன்னு கழுவித் தொடைச்சுக் கொண்டாந்து குடுத்தா. எத்தனை ஆச்சுன்னு கேட்டேன். ஒண்ணும் வேண்டாம்னுட்டா. அதனால கண்ணு, போறதுக்கு முந்தி நாலு நாள் அந்தப் பூட்ஸை மாட்டிக்கிட்டு நம்ம பட்டியில வந்து ஆட்டுப் புழுக்கை அள்ளு. எனக்கும் ஒரு கூலியாள் மிச்சம்.